தீர்த்தத்துக்கு முதல் நாள் நிறைந்துபோன தாங்கி

மண்டூர்த் திருவிழாவுக்கு மட்டக்களப்பு வாவி வழியாகப் படகில் போகலாமா என்று போன மாதம் இரண்டு பேர் இங்கே கேட்டிருந்தீர்கள். போகலாம். நான் அப்படிப் போனது ஒரே ஒரு தடவைதான். எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆவணி மாதத்தில், அதுவும் சாமி கும்பிட அல்ல. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்லடியில் வளர்ந்த மெதடிஸ்தப் பிள்ளை. தாதி வேலையில் சேர்ந்து நான்காவது வருடம். ஒரு தொண்டு அமைப்பு வாவிக்கரை ஊர்களுக்கென்று நடத்திய மருத்துவ லோஞ்ச் ஒன்றில் என்னைப் போட்டிருந்தார்கள். திருவிழா நாட்களில் வெளியூர்ச் சனம் ஆயிரக்கணக்கில் கூடும், வயிற்றோட்டமும் வாந்தியும் கட்டாயம் வரும் என்பதால் கடைசி நாள் சாமியும் சனமும் வாவியில் இறங்கும் தீர்த்தம் முடியும் வரை மண்டூர்த் துறையில் நிற்கும்படி எங்களை அனுப்பினார்கள்.

லோஞ்ச் முப்பத்தெட்டு அடி நீளம், மரத்தால் செய்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு பணக்காரர் உல்லாசமாக ஓட்டித் திரிந்ததாம். ஆறு கட்டில்கள், ஒரு மருந்து அலுமாரி, பின்பக்கம் ஒரு கக்கூஸ். அந்தக் கக்கூஸ்தான் இந்தப் பதிவின் கதை. அதன் அடியில் அறுபது கலன் கொள்ளும் இரும்புத் தாங்கி ஒன்று இருந்தது. நோயாளிகளின் கழிவு ஒரு சொட்டும் வாவிக்குள் போகக்கூடாது என்பது எங்கள் முதல் கட்டளை. ஒவ்வொரு பின்னேரமும் கரையில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, நூற்றிருபது அடி கன்வஸ் குழாயை அதற்குள் விட்டு, மின்பம்பைப் போட்டுத் தாங்கியைக் காலி செய்ய வேண்டும்.

பம்பின் சுவிட்ச் பலகை சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்தது. சுவிட்சைப் போட்டால் பச்சை விளக்கு எரியும்: பம்ப் ஓடுகிறது. தாங்கி நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் இரண்டாவதாக ஒரு சுவிட்ச். அது இன்னொரு சிறிய பம்புக்கானது. மரப்படகு என்றால் அடியில் கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவு ஓரளவு உயர்ந்ததும் ஒரு மிதவை மேலே எழும்ப, பம்ப் தானாகவே ஓடி, தண்ணீரைப் பக்கவாட்டால் வாவிக்குள் கொட்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லோஞ்சில் மூன்று பேர். தண்டயல் கணபதிப்பிள்ளை அண்ணன். சுக்கான் பிடிப்பவர், வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆள், வாவியின் ஒவ்வொரு மணல்திட்டும் அவருக்குத் தெரியும். மெக்கானிக் லெஸ்லி அண்ணன். டவுனில் பறங்கியர் தெருக்காரர், ஐம்பது வயது, எந்த எஞ்சினோடும் பேசுவார், மனிதரோடுதான் குறைவு. பிறகு நான், தாதி என்பதால் எல்லாருக்கும் 'மிசி'. டொக்டர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை தரைவழியாக வந்து பார்த்துவிட்டுப் போவார்.

டவுனிலிருந்து காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். கல்லடிப் பாலத்துக்கு அடியால் தெற்கே திரும்பினால் இடப்பக்கம் சூரியன் எழும் எழுவான்கரை, வலப்பக்கம் அது படும் படுவான்கரை. படுவான்கரையில் இருக்கும் மண்டூர் ஏறத்தாழ இருபது மைல். நிற்காமல் ஓடினால் நாலு மணித்தியாலம். நாங்கள் நின்று நின்று போனோம். முதல் நாள் தேற்றாத்தீவின் வாவிப்பக்கம், இரண்டாம் நாள் குருமண்வெளி. இரண்டு இடத்திலும் நாற்பது, ஐம்பது பேரைப் பார்த்தோம். இரண்டு பின்னேரமும் குழி வெட்டி, குழாய் விட்டு, சுவிட்சைப் போட்டேன். பச்சை எரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் விட்டு நிறுத்தினேன். பதிவுப் புத்தகத்தில் 'தாங்கி காலி' என்று எழுதி என் கையெழுத்தையும் வைத்தேன். பட்டரி இறங்கிவிடக்கூடாதென்று அந்த இருபது நிமிடமும் பெரிய எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். வேறு சத்தம் எதுவும் காதில் விழாது. நாற்றத்துக்குப் பயந்து குழிக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதுமில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு மண்டூர்த் துறைக்கு வந்தோம். மறுநாள் விடியத் தீர்த்தம். கரை முழுக்கச் சனம். வாவியில் முகம் கழுவுகிறவர்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறவர்கள், தோணியிலிருந்து இறங்குகிறவர்கள். தீர்த்தமாடும் துறை எங்களுக்கு வடக்கே கால் மைலில். நாங்கள் கரையிலிருந்து தொண்ணூறு அடி தள்ளி நங்கூரம் போட்டோம். பத்து மணிக்குள் மூன்று நோயாளிகள் ஏறிவிட்டார்கள். மோசமாக இருந்தவர் தேற்றாத்தீவிலிருந்து நேர்த்திக்கு வந்திருந்த தங்கம்மா. நாற்பது வயதிருக்கும். கண் உள்ளே போய், கை விரல்கள் சுருங்கி, நாடி நூல்போல ஓடியது. சேலைன் ஏற்றினேன்.

பதினொன்று இருபதுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

லெஸ்லி அண்ணன் வந்து பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

"நேத்துப் பின்னேரம்தானே மிசி காலி பண்ணின. இந்தச் சிவப்புப் பொய் சொல்லுது. தாங்கிக்குள்ள இருக்கிற மிதவை எங்கயும் சிக்கியிருக்கும்" என்றார்.

நானும் நம்பினேன். நம்பத்தான் எனக்கு விருப்பம். என் கையெழுத்து அல்லவா புத்தகத்தில் இருந்தது. வேறொரு நோயாளிக்கு மருந்து கரைக்கப் போய்விட்டேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். கக்கூஸ் கழுவப் போனபோது ஊற்றிய தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மேலே வந்தது. சுக்கானடிக்கு ஓடினேன்.

"லெஸ்லி அண்ணன், எஞ்சின் ஓடாம அந்தப் பம்பை ஒருக்காப் போடுங்க."

போட்டார். பச்சை எரிந்தது. மூன்று பேரும் காது கொடுத்து நின்றோம். கரையில் உடுக்குச் சத்தம் கேட்டது, காவடிப் பாட்டு கேட்டது. படகுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பச்சை விளக்கு மட்டும் அழகாக எரிந்துகொண்டிருந்தது.

"பம்ப் ஓடல்ல" என்றார் லெஸ்லி அண்ணன்.

கணபதிப்பிள்ளை அண்ணன் தலையில் கை வைத்தார். "குழியை மூடக்குள்ள காஞ்சுதான் கிடந்த மிசி. மணல் குடிச்சிட்டெண்டு நினைச்சன்."

மூன்று நாள் கழிவு. நூற்றுக்குக் கிட்ட ஆட்கள் வந்துபோன கக்கூஸ். அத்தனையும் எங்கள் காலுக்கடியில் இருந்தது. லெஸ்லி அண்ணன் பலகையைக் கிளப்பி டோர்ச் அடித்தார். தாங்கியின் மூடிப் பொருத்தில் கறுப்பாக ஈரம் ஊறி, சொட்டுச் சொட்டாகப் படகின் அடியில் நின்ற கசிவுநீரில் விழுந்துகொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டக்' என்றொரு சத்தம். சின்னப் பம்பின் மிதவை எழும்பிவிட்டது. வெளியே பக்கவாட்டில் தண்ணீர் வாவிக்குள் விழும் சத்தம் கேட்டது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். நோயாளிகள் எழும்பி உட்கார்ந்துவிட்டார்கள். லெஸ்லி அண்ணன் பாய்ந்துபோய் இரண்டாவது சுவிட்சை அணைத்தார். மணி பன்னிரண்டு ஐந்து. நாலைந்து வாளித் தண்ணீர் வெளியே போயிருக்கும். அதற்குள் தாங்கிக் கழிவு எவ்வளவு கலந்திருந்தது, கலந்ததா இல்லையா? "இப்பதான் சொட்டத் தொடங்கியிருக்கு மிசி, பொருத்து இன்னும் முழுசா நனையல்ல" என்றார் லெஸ்லி அண்ணன். அது எனக்கு ஆறுதல் சொல்லச் சொன்னதா, உண்மையாகச் சொன்னதா என்று தெரியவில்லை.

இனி இரண்டு பக்கமும் நெருக்கடி. சின்னப் பம்பைப் போட்டால் கழிவு வாவிக்குப் போகும். போடாவிட்டால் படகுக்குள் தண்ணீர் ஏறும். மணிக்கு இரண்டு அங்குலமாவது ஏறும் என்றார் கணபதிப்பிள்ளை அண்ணன். எஞ்சினை ஓட்டினால் பின் தண்டு வெளியே போகும் ஓட்டை வழியாகக் கசிவு இன்னும் கூடும். படகில் எழுந்து நடக்க முடியாத மூன்று பேர். நான் அவர்களுக்குச் சட்டிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கிருமி கொல்லும் வெளிற்றும் தூளைப் போட்டு மூடிவைத்தேன். கணபதிப்பிள்ளை அண்ணன் வெறும் டீசல் பீப்பா இரண்டை இழுத்துவந்து, அடியில் ஊறும் தண்ணீரை வாளியால் அள்ளி அவற்றில் ஊற்றத் தொடங்கினார்.

அள்ளிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நடு வாவிக்குக் கொண்டுபோய் விட்டா ஆருக்கும் தெரியா மிசி. வாவி பெரிசு."

அந்த யோசனை எனக்கும் ஏற்கனவே வந்துவிட்டது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. இரண்டு மைல் போனால் போதும். அரை மணித்தியால வேலை.

"பெரிசுதான் அண்ணன். ஆனா முகத்துவாரம் மூடிக் கிடக்கே. எங்க போகும் அது?" என்றேன்.

ஆவணியில் மழையில்லை. கடலும் வாவியும் சந்திக்கும் இடத்தில் மணல் அடைத்துக் கிடந்தது. வாவித் தண்ணீர் அசையாமல் நிற்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று சுடச்சுட அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் விட்டால் எழுவான்கரையில் போய் ஒதுங்கும். அங்கே முந்தாநாள் நான் மருந்து கொடுத்த பிள்ளைகள் குளிப்பார்கள். கணபதிப்பிள்ளை அண்ணன் திரும்ப வாளியை எடுத்தார்.

குழி வெட்டக் கரை வேண்டும். அந்தக் கரையிலோ கால் வைக்க இடமில்லாமல் சனம். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் ஒருவரிடம் கேட்டால்தான் நடக்கும். கேட்பதென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் போகவில்லை. முதலில் பம்பைத் திருத்திப் பார்ப்போம் என்றேன். திருத்த முடிந்தால் பேசாமல் வேறு கரைக்குப் போய் ஊற்றிவிடலாம், யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

லெஸ்லி அண்ணன் சுவிட்ச் பலகையைக் கழற்றினார். பின்னால் பியூஸ் எரிந்து கிடந்தது. பச்சை விளக்குக்கு மின்சாரம் பியூசுக்கு முன்னாலேயே பிரிந்து போயிருந்தது. மோட்டருக்கு அதற்குப் பிறகு. ஆகவே பியூஸ் எரிந்து மோட்டர் செத்துக் கிடந்தாலும் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். "சுவிட்ச் போட்டிருக்கெண்டுதான் இந்த விளக்குச் சொல்லும் மிசி. பம்ப் ஓடுதெண்டு சொல்லாது. நான் பாத்திருக்கவேணும்" என்றார். பெட்டியில் பியூஸ் மூன்று இருந்தது.

ஒன்றைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினார். மோட்டர் முனகியது. ஐந்தாறு வினாடி. தாங்கி 'டும்' என்று பெரிய தகரம் நெளிவதுபோல ஒரு சத்தம் போட்டது. பியூஸ் எரிந்துவிட்டது.

"பம்புக்குள்ள என்னமோ சிக்கியிருக்கு."

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பம்பைத் திறந்தார். நான் கையுறை கொடுத்தேன். அந்த நாற்றத்தை எழுதப்போவதில்லை. உள்ளே சுழலும் பாகம் கையால் தட்டினாலே சுற்றியது. சிக்கல் எதுவுமில்லை. ஒரு பல்பில் இரண்டு வயரைக் கட்டி மோட்டர் வரைக்கும் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. திரும்பப் பூட்டி இரண்டாவது பியூசைப் போட்டார். அதே முனகல், அதே 'டும்'. அதுவும் போனது.

"ஒண்டுதான் மிச்சம். இதும் போனா வாளியால அள்ளுறதுதான், மென்" என்று தன் பறங்கியர் பேச்சில் கணபதிப்பிள்ளை அண்ணனைப் பார்த்துச் சொன்னார். நோயாளிகளுக்கு ஒரு எட்டுத் தூரத்தில் அறுபது கலன் கழிவை வாளியால் அள்ளுவது என்றால் என்னவென்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது மணி ஒன்று பத்து. முதல் பீப்பா பாதி நிறைந்திருந்தது. கரையில் ஒரு தாய் தன் பிள்ளையின் தலையில் வாவித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாயைத் திறந்து சிரித்தது. அதற்குமேல் என்னால் படகில் நிற்க முடியவில்லை. தோணி ஒன்றைக் கூப்பிட்டு ஏறினேன்.

வண்ணக்கர் கோயில் வீதியில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றார். அறுபது வயது, தோளில் சால்வை, தொண்டை கட்டிப்போயிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்று கும்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கை நம்பியதை, பார்க்காமல் கையெழுத்து வைத்ததை, பன்னிரண்டு ஐந்துக்குத் தண்ணீர் வெளியே போனதை.

"தண்ணிக்குள்ள போயிட்டா?" என்று கேட்டார்.

"தெரியா ஐயா. போகல்லயெண்டு சொல்ல எனக்கு ஏலா."

அவர் நெற்றியில் வியர்வையைத் துடைத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"இண்டைக்கு இந்தச் செய்தி வெளிய போனா சனம் ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சுச் சாகும் மிசி. நான் வேற மாதிரிச் செய்றன்" என்றார். ஆறு பேரைக் கூப்பிட்டார். நாங்கள் நின்ற கரையிலிருந்து இருபக்கமும் கயிறு கட்டி, அந்த இடத்தில் யாரும் இறங்காமல் மறிக்கச் சொன்னார். காரணம் கேட்டால் மருத்துவப் படகு நிற்குது, நோய் தொத்தும் என்று சொல்லச் சொன்னார். அது பொய்யுமில்லை. பிறகு என்னிடம் திரும்பினார்.

"தெற்கால அரை மைலில எங்கட வயல் வட்டை வாவிக்கரை வரைக்கும் வருது. வெட்டு முடிஞ்சு காஞ்சு கிடக்கு. அங்க கொண்டு வாங்க. குழியை நான் வெட்டிவைக்கிறன். எவ்வளவு ஆழம் வேணும்?"

"ஆறடி ஐயா. கரையிலயிருந்து நூறு அடி தள்ளி."

படகுக்குத் திரும்பியபோது மணி இரண்டு. எஞ்சின் ஓட்ட முடியாது. கணபதிப்பிள்ளை அண்ணனும் லெஸ்லி அண்ணனும் இரண்டு பக்கமும் நீளக் கம்பு ஊன்றித் தள்ள, நான் வாளியை எடுத்தேன். பக்கக்காற்று படகைக் கரையைவிட்டுத் தள்ளிக்கொண்டேயிருந்தது. அரை மைல் போக ஒன்றே கால் மணித்தியாலம் பிடித்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வாளி, ஒவ்வொரு பத்தாவது வாளிக்கும் ஓடிப்போய்த் தங்கம்மாவின் நாடி. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"என்னாலதானே மிசி இவ்வளவு வில்லங்கமும்?"

"உங்களால இல்ல அக்கா. என்னால. பேசாமக் கிடங்க."

மூன்றே காலுக்கு வட்டைக் கரை தட்டியது. எட்டுப் பேர் மண்வெட்டியோடு குழிக்குள் நின்றார்கள். காய்ந்த களிமண், மண்வெட்டி பட்டால் கல்லில் பட்டதுபோலச் சத்தம். லெஸ்லி அண்ணன் கடைசி பியூசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பம்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். போடவில்லை. ஏன் எரிகிறது என்று தெரியாமல் போடமாட்டேன் என்றார். இரண்டாவது பீப்பாவும் நிறைய ஒரு முழம்தான் இருந்தது.

நாலு மணியளவில் தங்கம்மாவின் சேலைன் போத்தல் முடிந்தது. அந்தக் காலத்தில் அது கண்ணாடிப் போத்தல். புதியதைத் தொங்கவிட்டேன். சொட்டவில்லை. ஊசி நழுவிவிட்டதோ என்று பயந்து கையைப் பார்த்தேன். குழாயைப் பிதுக்கிப் பார்த்தேன். பிறகுதான் கண்டேன்: அவசரத்தில் காற்று ஊசியைக் குத்த மறந்துவிட்டேன். கண்ணாடிப் போத்தலின் மூடியில் இன்னொரு ஊசி குத்தி உள்ளே காற்றுப் போக வழிவிடாவிட்டால் மருந்து இறங்காது. குத்தினேன். குமிழிகள் மேலே ஓடின. சொட்டத் தொடங்கியது.

அப்படியே நின்றேன். இந்தத் தாங்கிக்குக் காற்று ஊசி எங்கே?

"லெஸ்லி அண்ணன்! தாங்கிக்குள்ள காத்துப் போற வழி எங்க இரிக்கி?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்து படகின் பின்விளிம்புக்குப் போனார். அங்கே வெளிப்பக்கம் வளைந்து கீழே பார்க்கிற ஒரு சின்னக் குழாய் முனை. விரலை வைத்தார். எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் காய்ந்த மண்.

குளவி. படகு இரண்டு மாதம் கரையில் பூச்சுக்காக ஏற்றிக் கிடந்தபோது குளவி ஒன்று அந்தக் குழாய்க்குள் மண்கூடு கட்டியிருந்தது. பம்ப் இழுக்க இழுக்க உள்ளே காற்று வரவில்லை. தாங்கிச் சுவரே உள்ளே நெளிந்தது. அதுதான் அந்த 'டும்'. இழுக்க முடியாமல் மோட்டர் திணறிப் பியூசை எரித்தது. தேற்றாத்தீவிலேயே முதல் பியூஸ் எரிந்திருக்கும்.

"ஆரும் நெருப்புக் கொளுத்தாதீங்க. எல்லாரும் அங்கால போங்க" என்று கத்தினார் லெஸ்லி அண்ணன். கழிவு வாயு தீப்பற்றும். குழி வெட்டியவர்களில் ஒருவர் சுருட்டை மண்ணில் புதைத்தார். லெஸ்லி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினார். மண் உடைந்து விழுந்தது. 'சீ' என்று நீளமாக ஒரு காற்று வந்தது. இரண்டு நிமிடமாவது வந்திருக்கும்.

கடைசி பியூசைப் போட்டார். சுவிட்சுக்கு என்னைப் போகச் சொன்னார்.

"நான் குழாய் முனையில நிக்கிறன். நீங்க விளக்கைப் பாக்காதீங்க மிசி. என்னைப் பாருங்க."

நாலு நாற்பதுக்குச் சுவிட்சைத் தட்டினேன். பச்சை எரிந்தது. நான் கரையைப் பார்த்தேன். மோட்டர் முனகி, பிறகு குரல் மாறி ஒரே சீராக இரைந்தது. தட்டையாகக் கிடந்த கன்வஸ் குழாய் படகின் விளிம்பிலிருந்து கரை நோக்கி, பாம்பு இரை விழுங்கியதுபோல, அடியடியாக உருண்டு திரண்டு போனது. குழிக்கரையில் நின்ற லெஸ்லி அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். கணபதிப்பிள்ளை அண்ணன் வாளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் சுவிட்ச் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தரைக்குத் தாங்கி காலி. இந்த முறை நானே மூடியைத் திறந்து கோல் விட்டுப் பார்த்தேன். பீப்பாக்களில் அள்ளியதையும் அதே குழியில் ஊற்றினோம். அடித்தளத்தை இரண்டு தடவை வெளிற்றும் தூள் கரைத்துக் கழுவி அதையும் அங்கேயே சேர்த்தோம். சுண்ணாம்பு போட்டு மண் மூடி முடிய மணி ஆறு பத்து.

மறுநாள் விடிய நான் தீர்த்தக் கரைக்குப் போனேன். கால் மைல் நீளத்துக்குச் சனம், அரோகராச் சத்தம். சாமி எழுந்தருளி இறங்குவதற்கு முன்னால் வண்ணக்கர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டார்.

"மிசி, எறங்கலாமா?"

என் வாழ்க்கையில் அதற்குமுன்னும் பின்னும் யாரும் என்னிடம் அப்படியொரு கேள்வி கேட்டதில்லை. கால் மைல் தூரம், காற்று மறுபக்கம், நாலைந்து வாளி, பொருத்து அப்போதுதான் நனையத் தொடங்கியது. இத்தனையும் தலைக்குள் ஓடியது. வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதும் ஓடியது.

"ஓம் ஐயா. எறங்கலாம். ஒருத்தரும் வாயில எடுக்கவேணாமெண்டு மட்டும் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். சாமிக்கு முன்னால் அவரே முதலில் முழங்கால் தண்ணீர்வரை போய் நின்று, திரும்பிக் கையைக் காட்டினார்.

தங்கம்மா அன்று பின்னேரம் எழுந்து கஞ்சி குடித்தார். அவரைத் தோணியில் குருமண்வெளிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து களுவாஞ்சிக்குடி வந்து பஸ் ஏற்றித் தேற்றாத்தீவில் விட்டேன். பதிவுப் புத்தகத்தில் இரண்டு நாள் குறிப்பையும் வெட்டி, நடந்ததை அப்படியே எழுதி டொக்டரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இனி எத்தனை நாள் பாக்கவேணும் எண்டு தெரியுந்தானே?" என்று மட்டும் கேட்டார். தெரியும். இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் காய்ச்சல் என்றோ வயிற்றுவலி என்றோ படுவான்கரையிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் எந்தத் துறையில் குளித்தீர்கள் என்று கேட்டேன். நாங்கள் நின்ற கரையைச் சொன்னவர் ஒருவருமில்லை. வழமையாகத் திருவிழாவுக்குப் பிறகு வருகிற அளவுக்கு மேல் நோய் வரவுமில்லை.

இனி போகிறவர்களுக்கு. மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு பஸ். அங்கிருந்து குருமண்வெளித் துறை. துறையில் படகு ஏறினால் எதிரே மண்டூர். திருவிழா நாட்களில் துறையில் ஒரு மணித்தியாலமாவது காத்திருக்க வேண்டியிருக்கும், வெயிலுக்கு முன் போய்விடுங்கள். கச்சான் காற்று உதட்டை வெடிக்கவைக்கும், குடிதண்ணீர் கொண்டுபோங்கள். வாவித் தண்ணீரில் குளியுங்கள், வாய் கொப்பளிக்காதீர்கள். கூட்டமாகச் சேர்ந்து கக்கூஸ் உள்ள படகை வாடகைக்குப் பிடிக்கிறவர்கள், அது எங்கே போய்ச் சேருகிறது என்று படகுக்காரரைக் கேளுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பம்பைப் போடச் சொல்லிக் காது கொடுங்கள். குழாயின் மறுமுனையில் ஒருவரை நிறுத்துங்கள். காற்றுக் குழாய் முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். மாற்றுப் பியூஸ் குறைந்தது ஐந்து இருக்கட்டும்.

ஒரு பிழை நடந்துவிட்டால் ஸ்பானரை எடுக்க முன் கரைக்குப் போய்ச் சொல்லுங்கள். நான் ஒன்று பத்துக்குத்தான் போனேன். சிவப்பு விளக்கு எரிந்தது பதினொன்று இருபதுக்கு. இடையில் அந்தக் கரையில் எத்தனை பேர் கை நிறைய அள்ளி முகம் கழுவினார்கள் என்று நினைக்காமல் எனக்கு ஓர் ஆவணியும் போனதில்லை.